கிரவல்

நாவிதன்வெளிக்கு மேற்கே
வட்டை முடிகிற இடத்தில்
ஆளுயரத்துக்கு ஒரு மண்கட்டு.
வட்டமாக ஓடித் தன் வாலைத் தானே தொடப்போய்,
கிழக்கில் மட்டும்
ஒரு மாட்டுவண்டி அகலத்துக்கு வாய் விட்டிருக்கிறது.

குளமென்றால் துருசு இல்லை, வான் இல்லை.
கோட்டையென்றால்
வந்த எதிரியின் பெயர் ஒருவருக்கும் தெரியாது.
ஆனை அடைத்த பட்டி என்றார் வட்டவிதானை தெய்வேந்திரம்.
கடதாசியில் அது
"கிரவல், முந்நூறு கியூப்."
நான் பெக்கோ ஓட்டுகிறவன்.
எனக்குக் கடதாசி போதும்.

காலை ஏழுக்கு முதல் வாளி.
மேலே கறுப்பு, அதன்கீழ் சிவப்பு,
அதற்கும் கீழே, வல்லாஹி,
கூடை கூடையாகக் கொட்டி மிதித்த அடையாளம்:
ஒரு கூடை மஞ்சள்,
ஒரு கூடை சாம்பல்,
ஒரு கூடையில் ஆற்று மட்டி.
எவர் எந்த வெயிலில் சுமந்தாரோ.
என் வாளிக்கு நாலு விநாடி.

இரண்டு டிப்பர் நிரம்பிப் போயின.

உள்ளே வீரை மரத்தடியில் கற்கள்.
பெரிய கல் ஒன்றும் இல்லை.
அடுப்புக் கல் அளவு, தேங்காய் அளவு,
ஓரிடத்தில் கல்லும் இல்லை,
பால் பருக்குகிற சங்கு ஒன்று கவிழ்ந்து கிடந்தது.
மாடு மேய்க்கிறவர்கள் போட்டதென்று நினைத்தேன்.
அப்படி நினைக்கத்தான் விரும்பினேன்.

பத்து மணிக்கு ஒரு பெண் வந்தாள்.
களை பிடுங்கிய சேறு முழங்காலில் காயவில்லை.
கட்டின் வாயில் செருப்பைக் கழற்றினாள்.
எஞ்சினை நிறுத்தினேன்.
சண்டைக்குத்தான் வருகிறாள் என்று
கடதாசியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

அவள் கேட்டாள்:
"இந்த மண் எந்த ரோட்டுக்குப் போகுது?"

"சவளக்கடை ரோடு.
மதகுக்கும் அரிசி மில்லுக்கும் நடுவில."

"ஆ" என்றாள். பிறகு,

"பேர் வைக்க முதல் போனதுகளத்தான் இங்க வைக்கிற.
எண்டயும் ஒண்டு கிடக்கு.
பெருவெள்ளத்துக்கு அடுத்த வருசம்.
ஆம்பிளயள்தான் தூக்கி வந்த, என்னக் கூட்டி வரல்ல.
ஒராள் மரத்தடி எண்டான், ஒராள் கட்டோரம் எண்டான்.
எந்தக் கல்லெண்டு தெரியா.
ரோட்டத் தெரிஞ்சா
செருப்பில்லாம நடப்பன். அதுக்குத்தான் கேட்ட."

எங்கள் ஊர் மையவாடியில்
உம்மாவின் மீசான் கட்டை எத்தனையாம் வரிசையென்று
எனக்குத் தெரியும்.
கரண்ட் இல்லாத இரவிலும் போய் நிற்பேன்.

முதலாளி போன் எடுத்தார்.
மூன்றாம் டிப்பர் ஏன் நிற்கிறதாம்.
"ஹோஸ் வெடிச்சிட்டு" என்றேன்.
வெடிக்காத ஹோஸ்
வெயிலில் எண்ணெய் மினுக்கத்தோடு என்னைப் பார்த்தது.

அரை டிப்பர் மண்ணை இறக்கித் திருப்பிப் போட்டேன்.
ஒரு குழியை மூடும்போது
ஆள் கிடக்கிற அளவுக்கு மண் மிஞ்சும்.
மிஞ்சுவதுதான் மேடு.
இங்கே குறைந்தது.
வாளியால் தட்டியும், பின்பக்கத்தால் வழித்தும்
குறைந்துகொண்டே இருந்தது.

"இதால ஆடு பூரும்" என்றாள் அவள்.
காரை முள் வெட்டி வந்து இடைவெளியை அடைத்தாள்.
மறு நுனியை நான் பிடித்தேன்.
கை கிழிந்தது. அதைப் பற்றி இருவரும் பேசவில்லை.
பெயர் கேட்டேன்.
யோகமலர்.
என்னுடையதை அவள் கேட்கவில்லை.

அடுத்த கிழமை என்னைப் பொத்துவில் வேலைக்கு மாற்றினார்கள்.
வேறொரு பெக்கோ போனதா, தெரியாது.
விசாரிக்கவும் இல்லை,
அதைச் சொல்லத்தான் வேண்டும்.

இப்போது அந்த ரோட்டுக்குத் தார் போட்டாயிற்று.
லீவில் வரும்போதெல்லாம்
மதகு வந்ததும் மோட்டார்சைக்கிள் தானாக இரண்டாம் கியருக்கு இறங்குகிறது.
பின்னால் வருகிறவன் ஹோர்ன் அடிக்கிறான்.
அடிக்கட்டும்.

போன மாசி மாதம்
மில்லுக்கு இங்கால் ஒரு பெண்
கையில் செருப்போடு போனாள்.
அவள்தானா என்று பார்ப்பதற்குள் கடந்துவிட்டேன்.
வெட்டுக் காலம் அது.
வரம்பிலிருந்து ஏறுகிற எல்லோரும்
சேறு கழுவும் வரைக்கும்
செருப்பைக் கையில்தான் கொண்டு போகிறார்கள்.